அம்மன் கொட்டகையும் சாக்பீஸ் அம்புகளும்

எல்லாக் குழந்தைகளும் தாலாட்டுக்குத் தூங்கும், என் மகள் மிதுனா இரும்பு உத்தரம் வளைகிற பாடத்துக்குத்தான் தூங்குவாள். நான் பாட ஆரம்பித்தால் உதட்டைப் பிதுக்குவாள், என் நங்கையா நாச்சம்மாள், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, பாட ஆரம்பித்தால் வீறிட்டு அழுவாள், அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆனால் ஒரு நாள் மத்தியானம் செல்போனில் என் கை எதையோ அமுக்கப் போய், கட்டம் போட்ட சட்டைக்கார வாத்தியார் ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்று, உத்தரத்தின் நடுவில் பாரத்தை வைத்தால் மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும் என்று மூக்கால் சொன்னார் பாருங்கள், பிள்ளை கொட்டாவி விட்டுக் கண்ணைச் சொருகிவிட்டாள். அன்றையிலிருந்து சேலைத் தொட்டிலை ஆட்டுவது நான், தூங்க வைப்பது அவர்.

பாடம் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கால் மணியில் பிள்ளை தூங்கும், அரை மணியில் நானும் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே சாய்ந்துவிடுவேன். இப்படியாக, இழுவிசை, அமுக்குவிசை, வளைவு, முறுக்கு, தூண், உத்தரம், போல்ட்டு, வெல்டிங்கு என்று அந்த வாத்தியார் போட்ட அத்தனை பாடத்திலும் முன்பாதியை நான் கரைத்துக் குடித்தேன், பின்பாதி என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவளுக்கு முன்பாதியே அதிகம்தானே, அந்த அதிகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துணி காயப்போடும் கொடிக் கம்பி நடுவில் ஏன் தொய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியை நிறுத்திவைத்துச் சொன்னேன். டீக்கடைக்காரரிடம் பெஞ்சுக்கு நடுக்கால் ஒன்று வையுங்கள் என்றேன். என்னைக் கண்டால் ஜனங்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வேறு சந்தில் போக ஆரம்பித்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்திக்கு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், தகரக் கொட்டகை, எது கேட்டாலும் செய்வார், ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் முழிப்பார். எங்கள் நல்லாம்புதூர் மாகாளியம்மனுக்கு ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றும்போது ஜனம் வெயிலில் உட்காராமல் இருக்க ஒரு கொட்டகை வேண்டும் என்று கோயில் கமிட்டித் தலைவர் சாமியப்பண்ணன் அவரிடம் சொன்னபோது வைகாசி வெயில். கரட்டு மண், கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது. தூணுக்கு இடுப்பளவு குழி தோண்டுவது அவர் வழக்கம். சோற்றுத் தூக்குப்போசியோடு போன நான் குழிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் போசி, அப்படியே ஒரு பாடம் நடத்தினேன். "மாமா, பாரம் கீழ இறங்குது. கீழ பூமி இருக்குது. பூமியத் தாண்டி அது எங்க போயிரும்? தகரம் என்ன ஆனை கனமா? முழங்கால் ஆழம் போதுங்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காத மனுஷன், அன்றைக்கென்று பார்த்துக் கேட்டார். கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தார். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கொட்டகை எழும்பியது. நான்கு பக்கமும் திறப்பு, மேலே நீலத் தகரம், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஆனி கடைசியில் அம்புகள் வந்தன. அன்றைக்கு வாத்தியார், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி இருக்கிற உலகம் மொத்தத்தையும் மனசுக்குள் அழித்துவிடச் சொன்னார், அது மட்டும் தனியாக நிற்கட்டும், அதன் மேல் யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அம்பு போடுங்கள் என்றார். நான் தொட்டிலைப் பார்த்தேன். வீட்டை அழித்தேன், கூரையை அழித்தேன், வெளியே சட்டி கழுவிக்கொண்டிருந்த நங்கையாவை மற்றதைவிடக் கொஞ்சம் அழுத்தியே அழித்தேன். தொட்டில் மட்டும் அந்தரத்தில் நின்றது. அப்போது என் பிள்ளையின் மேல் முழ நீளத்துக்கு ஒரு வெள்ளை அம்பு, கூர் கீழே பார்த்தபடி, சாக்பீஸால் போட்டது போல வந்து நின்றது. வீட்டையும் கூரையையும் நங்கையாவையும் நான் திரும்பப் போட்டுக்கொண்ட பிறகும் அது போகவில்லை. தொட்டுப் பார்த்தேன், விரலில் மாவு ஒட்டியது.

பொழுது சாய்வதற்குள் அம்மியின் மேல் ஒன்று, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒன்று, கட்டிலின் மேல் ஒன்று. மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போனது, அதற்கடுத்த நாள் கோழிக் கூண்டு, மாட்டு வண்டி, ரேஷன் கடை மூட்டை, டீக்கடை பெஞ்சு, குடம் சுமக்கிற பெண்களின் தலை என்று ஊரில் எங்கெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று இருக்கிறதோ அங்கெல்லாம் அம்பு, எல்லாம் கீழே பார்த்த அம்பு, கனமானதுக்கு நீளம், லேசானதுக்குக் குட்டை. தாங்குகிற பக்கத்து அம்புகள் மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் இருந்ததால் கண்ணில் படவில்லை.

ஊர் இரண்டு நாள் முணுமுணுத்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. கோழிகள் அம்பின் வால்மேல் ஏறி உட்கார்ந்தன. ஈரத் துண்டைக் காயப்போட வாகாக இருக்கிறது என்றார்கள் சிலர், சோற்றில் சாக்பீஸ் உதிர்கிறது என்றார்கள் சிலர், இரண்டும் நிஜம். உடம்பு இளைக்க ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர், தன் நாற்காலியில் யார் கண்ணும் படாமல் உட்கார இடம் தேடினார். சம்பந்தம் பேச வந்த ஒறம்பரைக்காரர்கள், விருந்தாளிகள்தான், கனமான சீர் என்று இறக்கி வைத்த தட்டின் அம்பு விரல்கடை அளவுக்கு இருக்கக் கண்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். இதற்கெல்லாம் நான்தான் காரணம் என்று தெரிந்தபோதும் யாரும் திட்டவில்லை. வாசலில் மாவு கூட்டிக் கூட்டி முதுகு போச்சு என்று நங்கையா மட்டும் தினமும் சொன்னார்.

ஆடி பிறந்தது, மேற்கே மலைக் கணவாயில் காற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆடிக்காற்று ஆளைத் தள்ளும், சைக்கிளைச் சாய்க்கும், காற்றாலைகள் இரவும் பகலும் உறுமும். அந்தக் காற்று முதல் தடவை அடித்த காலையில், அம்மன் கொட்டகைத் தகரத்தின் மேல் அதுவரை கீழே பார்த்துக்கொண்டிருந்த குட்டை அம்புகள், ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திரும்பி, வானத்தைப் பார்த்து, முழ நீளம், இரண்டு முழ நீளம் என்று வளர்ந்தன.

ஊரே திரண்டது. எல்லா அம்பும் கீழே பார்க்க, அம்மன் கொட்டகை அம்பு மட்டும் மேலே பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தேங்காய் உடைத்தார்கள். தூண்களுக்கும், எட்டுகிற அம்புகளுக்கும் மஞ்சள் பூசினார்கள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளையும், வரன் அமையாத பெண்களையும், லாபம் காணாத கோழிப்பண்ணைக்காரரையும் கொண்டுவந்து கொட்டகைக்குக் கீழே உட்கார வைத்தார்கள். கிழக்கே இருக்கிற வெள்ளியாம்பட்டியிலும் ஒரு மாகாளியம்மன் உண்டு. அவள் அக்காவா, எங்கள் அம்மன் அக்காவா என்று இரண்டு ஊருக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்கு. வெள்ளியாம்பட்டிக்காரர்கள் திருட்டுத்தனமாக வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்கள் என்றதும் எங்கள் ஊருக்குத் தரையில் கால் பாவவில்லை.

எனக்கு மட்டும் பாவியதா? கொட்டகை கட்டியவர் பெண்டாட்டி என்று முதல் பந்தியில் எனக்கு இலை. அம்பு எப்படி மேலே திரும்பியது என்று கேட்டவர்களுக்கெல்லாம், அது டிசைன் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மூன்று ஊரிலிருந்து ஆர்டர், எல்லாருக்கும் மேலே பார்க்கிற அம்பு வேண்டுமாம். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, செய்துவிடலாம் என்றார்.

ஆடியின் மூன்றாம் வெள்ளிக்குத்தான் பெரிய கூழ். அதற்கு முந்தின நாள் மத்தியானம் மிதுனாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, தூங்கவில்லை. அவள் தூங்காததால் நானும் தூங்கவில்லை, நான் தூங்காததால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாடத்தின் பின்பாதியைக் கேட்டேன். வாத்தியார் கூரை ஒன்றைப் போட்டார், அதன் மேல் மேல்நோக்கி வரிசையாக அம்பு போட்டார், எங்கள் கொட்டகையை நேரில் வந்து பார்த்துப் போட்டது போல இருந்தது.

"தகரக் கூரைக்குத் தகரத்தோட எடை ஒரு எடையே இல்ல," என்றார் மூக்கால். "காத்து அடிச்சா கூரை மேல போகப் பாக்கும். அப்ப தூணோட வேல தாங்கறது இல்ல, புடிச்சு வெக்கறது. புடிச்சு வெக்க மண்ணுக்குள்ள ஆழமும் கனமும் வேணும். இத மறந்தவங்க கூரைய அடுத்த ஊர்ல போய்த் தேடணும்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன், நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன். தூணைச் சுற்றிப் பூசிய சிமெண்டு வட்டமாக வெடித்திருந்தது. காற்று ஒரு வீச்சு வீசினால் தூண் விரல்கடை மேலே வருவதும், காற்று விட்டதும் பொத்தென்று உட்காருவதும், அதன் மேல் பூசிய மஞ்சள் உதிர்வதுமாக இருந்தது. பட்டறைக்குப் போய் அவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தார், இன்னொன்றையும் பார்த்தார், பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு ஊர்ப் புள்ளைக மொத்தமும் இதுக்குக் கீழதான் உக்காரும்," என்றார்.

"நாந்தான மாமா முழங்கால் ஆழம்னு சொன்னேன்."

"நீ சொன்ன. தோண்டறத நிறுத்துனது என்ற கைதான." அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது ஆழமாகத் தோண்டிக் கான்கிரீட் போட்டால் அது இறுகப் பல நாளாகும். தகரத்தைக் கழற்றலாம். அதைத்தான் போய் சாமியப்பண்ணனிடம் சொன்னேன். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் அண்டா கழுவுகிற இடத்தில் இருந்தார்கள், நங்கையாவும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டிசைன் என்று சொன்ன அதே வாயால், அண்ணா, அது நல்ல சகுனம் இல்லை, கூரை பறக்கப் பார்க்கிறது, குழி ஆழம் பத்தாது, அந்த ஆழத்தைச் சொன்னது நான், பாடத்தில் பாதிதான் கேட்டிருந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சிரித்தார்கள். அம்மன் மேலே தூக்கிவிடுகிற ஊரை நான் கீழே இழுக்கிறேன் என்றார் ஒருவர். தம்பி பேரை இப்படிச் சந்தியில் வைத்துத் தேய்க்கிறாளே என்று நங்கையா முறத்தைக் கீழே வைத்தார். ஆபத்து என்றேன், பிள்ளைகள் என்றேன், பெரிய கூழ் நாளைக் கொட்டகை இல்லாமல் நடத்தினால் ஊர் முகத்தில் முழிக்க முடியுமா என்றார்கள்.

அழுதுகொண்டே, யோசிக்காமல்தான் கேட்டேன். "காத்து மேக்க இருந்து கெழக்கதான அடிக்குதுங்? கொட்டாய் கெளம்புனா எங்குட்டுப் போய் எறங்கும்?"

அண்டா கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எல்லாரும் கிழக்கே பார்த்தார்கள். கிழக்கே, சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், வெள்ளியாம்பட்டிக் கோயில் கோபுரம் தெரிந்தது.

"எறங்கிருச்சுன்னா திருப்பித் தருவாங்களா?" என்றார் சாமியப்பண்ணன் மெதுவாக.

"அவங்களா? அம்மனே அக்கா வீட்டுக்கு வந்துட்டான்னு மேளம் கொட்டுவாங்க," என்றார் அண்டாக்காரர்.

பிறகு யாருக்கும் பாடம் தேவைப்படவில்லை. தகரத்தைக் கழற்ற மாட்டோம், ஆனால் கொட்டகை ஊரைவிட்டுப் போகக்கூடாது, என்ன செய்யலாம், சொல் அம்மிணி என்றார்கள். கனம் வேண்டும் என்றேன். கனத்துக்கு எங்கே போவது என்றார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கொல்லைக்குப் போனாலும் முருங்கை மரத்தடியில் ஒரு ஆட்டுக்கல் குப்புறக் கிடக்கும், கிரைண்டர் வந்த நாளிலிருந்து அதன் மேல் பூனைதான் படுத்திருக்கிறது. அதைச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், கடப்பாரை, கயிறு, மாட்டு வண்டி, டிராக்டர், வீட்டுக்கு ஒரு கல் உருண்டும் புரண்டும் வந்தது, ஒவ்வொன்றின் மேலும் ஆள் உயரத்துக்கு அம்பு. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்லுக்கும் இரும்புப் பட்டையில் வளையம் போட்டு, லாரிச் சங்கிலி கோத்து, தூணோடும் உத்தரத்தோடும் பிணைத்து, கொட்டகைக்குள் வரிசையாகத் தரையில் உட்கார வைத்தார். நங்கையா தன் கல்லை அனுப்பினார், ஆனால் என்னோடு பேசவில்லை. எனக்கு அனுப்பக் கல் இல்லை, சீராகக் கிரைண்டர் கொண்டுவந்த தலைமுறை நான்.

வெள்ளிக்கிழமை மிதுனாவை வீட்டில் விட்டுவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஊரார் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு என் பிள்ளையை மட்டும் ஒளித்து வைக்க மனசு வரவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பந்தி நிறைந்திருந்தது. கூழ், வெங்காயம், மோர்மிளகாய், முருங்கைக்கீரைப் பொரியல். கரண்டி கையில் இருந்தாலும் என் கண் கூரையில் இருந்தது.

உச்சிப் பொழுதில் காற்று வந்தது. சோளக்காடு முதலில் படுத்தது, அப்புறம் கோயில் வாசல் பந்தல் துணி பறந்தது, அப்புறம் தகரத்தின் மேல் அம்புகள் பனைமர உயரத்துக்கு எழுந்தன. சங்கிலிகள் விண்ணென்று இழுத்தன. தூண்கள் விரல்கடை எழும்பின, சாண் எழும்பின, வெடித்த சிமெண்டு பொலபொலவென்று கொட்டியது, ஆட்டுக்கற்கள் அத்தனையும் தரையைவிட்டுக் கிளம்பி, கொட்டகையோடு சேர்ந்து அந்தரத்தில் மெல்ல ஆடின. என் கணக்கு மறுபடியும் தப்பு, கனம் பத்தவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தூணில் தொங்கிக்கொண்டு, பிள்ளைகளை வெளியே இழுங்கள் என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பிள்ளைகளை இழுக்க நான் குனிந்தபோதுதான், கூழ்ப் பாத்திரத்தோடு ஒரு கிழவி எழுந்தாள். அவள் கூரையைப் பார்க்கவில்லை, தன் கல்லைத்தான் பார்த்தாள். "என்ற கல்லு வெள்ளியாம்பட்டிக்குப் போறதா?" என்று சொல்லிக்கொண்டே போய், சாண் உயரத்தில் ஆடிய அந்தக் கல்லின் மேல், கையில் பாத்திரத்தோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். அப்புறம் பந்தியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து, அவரவர் கல்லை அடையாளம் பார்த்து, இது உன்னுது, அது என்னுது, விளிம்பு உடைஞ்சது உங்க மாமியாளுது என்று சண்டை போட்டுக்கொண்டு, ஏறி உட்கார்ந்தார்கள். மாவாட்டின காலத்தில் ஒருநாளும் அந்தக் கல்லின் மேல் உட்காராதவர்கள். ஒவ்வொருத்தி உட்கார உட்கார அவள் தலைமேல் ஒரு அம்பு இறங்கியது, கொட்டகை கொஞ்சம் இறங்கியது.

ஆனால் தரையைத் தொடவில்லை. ஒரு விரல்கடை மிச்சம் இருந்தது. இன்னொரு தூணில் தொங்கிய சாமியப்பண்ணன் ஏதோ சாமி பேரைச் சொன்னார். கல் இல்லாதவள் நான் ஒருத்திதான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

நங்கையா தன் கல்லின் மேல் காலைத் தொங்கப் போட்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பாத்திரத்தை ஒரு கைக்கு மாற்றி, பாதிக் கல்லை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"நின்னுட்டு என்னத்தப் பாக்கற? வா, உக்காரு."

உட்கார்ந்தேன். தூண்கள் பொத்தென்று மண்ணில் இறங்கின. எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே, பிள்ளைக்கும் சேர்த்து, ஒரே அம்பாக ஒன்று வந்து நின்றது. வெளியே காற்று ஊளையிட்டது. நங்கையா அம்பை அண்ணாந்து பார்த்தார், தன் கூழைப் பார்த்தார், என் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, சாக்பீஸ் விழாமல் பாத்திரத்தின் வாயை முந்தானையால் மூடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.